ஆடிப் பதினெட்டுக்கு அப்புறம் ஒரு திங்கட்கிழமை

"அண்ணே, ஃபைல் ஏறவே மாட்டேங்குது."

2022 ஆகஸ்ட் 8, காலை ஒன்பதே கால். கூப்பிட்டது சிவகாசியில் ஓர் அச்சகத்தின் ப்ரீ-பிரஸ் பையன். அச்சகத்தின் பெயர் வேண்டாம். நான் அவர்களுக்கு வருட ஒப்பந்தத்தில் கம்ப்யூட்டர், நெட்வொர்க் எல்லாம் பார்த்துக்கொள்கிறவன். குடியிருப்பது மதுரையில். அநேகப் பிரச்சினைகளை வீட்டில் லுங்கியோடு உட்கார்ந்தே முடித்துவிடலாம் என்பதுதான் இந்தத் தொழிலில் எனக்குப் பிடித்த அம்சம்.

சிவகாசி பக்கம் போகாதவர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே காலண்டர் வருடம் ஜனவரியில் பிறப்பதில்லை. ஆடிப்பெருக்கு அன்று அடுத்த வருட காலண்டர் ஆல்பத்தைப் பூஜை போட்டு வெளியிடுவார்கள். அன்றிலிருந்து ஆர்டர் ஓடி வரும். நகைக்கடை, ஜவுளிக்கடை, உரக்கடை என்று சொந்த டிசைனில் காலண்டர் கேட்கிறவர்கள் ஃபைல் அனுப்பத் தொடங்குவதும் அப்போதுதான். ஒவ்வொரு ஃபைலும் முந்நூறு, நானூறு எம்பி. மெயிலில் போகாது. முன்பு சிலர் வீட்ரான்ஸ்ஃபர் என்ற இணையச் சேவையில் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். 2020 மே மாதம் மத்திய அரசு அதை முடக்கச் சொன்னபோது, அவர்களும் அச்சகத்தின் சொந்த எஃப்டிபி சர்வருக்கே வந்து சேர்ந்தார்கள். ஆகவே ஆடிப் பதினெட்டு முடிந்த முதல் திங்கட்கிழமை அந்த சர்வர் படுத்துக்கொண்டால், தீபாவளிக்கு முதல் நாள் துணிக்கடை ஷட்டர் திறக்காத கதை.

"ஏறவே மாட்டேங்குதா, மெதுவா ஏறுதா?" என்று கேட்டேன்.

"கனெக்ட் ஆகவே அரை நிமிசம் ஆகுதுண்ணே. சில நேரம் அதுவும் இல்ல. ஆயிடுச்சுன்னா கொஞ்சம் கொஞ்சமா போகுது."

இந்த வரியில் விடை பாதி இருந்தது. அப்போது எனக்குக் காது கேட்கவில்லை. இன்டர்நெட் லைன் தகராறு என்று முடிவு கட்டி, இணைப்பு தருகிற நிறுவனத்துக்குப் போன் போட்டேன். அவர்கள் வழக்கம்போல மோடத்தை அணைத்துப் போடச் சொன்னார்கள். அணைத்துப் போட்டாயிற்று. நாற்பது நிமிடம் போனதுதான் மிச்சம்.

பிறகு வீட்டிலிருந்தே சர்வருக்குள் எஸ்எஸ்எச் மூலம் நுழையப் பார்த்தேன். பாஸ்வேர்ட் கேட்கவே ஏகப்பட்ட நேரம். நுழைந்து 'டாப்' கட்டளையைத் தட்டினால் லோடு ஆவரேஜ் இருபத்திரண்டு. அதற்குக் கீழே ப்ராஎஃப்டிபிடி, ப்ராஎஃப்டிபிடி என்று திரை முழுக்க ஒரே பெயர், எஃப்டிபி சேவையை ஓட்டுகிற மென்பொருளின் பெயர். எண்ணிப் பார்த்ததில், இணைப்புக்கு ஒன்றாக, இருநூற்றுச் சொச்சம். அந்த நேரத்தில் உண்மையாக ஃபைல் அனுப்பிக்கொண்டிருந்த வாடிக்கையாளர்கள் அதிகம் போனால் ஆறு பேர் இருப்பார்கள்.

இதில் விசித்திரம், சிபியு சும்மா இருந்தது. புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்கள் இங்கே குழம்புவார்கள். லினக்ஸில் லோடு ஆவரேஜ் என்பது சிபியுவுக்காகக் காத்திருக்கும் கூட்டத்தை மட்டும் எண்ணுவதில்லை. டிஸ்க்குக்காகக் காத்திருப்பவர்களையும் சேர்த்துத்தான் எண்ணும். இந்த சர்வர் 2010 வாக்கில் வாங்கிய ஒரு டெஸ்க்டாப், ராம் 1 ஜிபி. இருநூறு பிராசஸும் ஆளுக்குக் கொஞ்சம் மெமரியைப் பிடித்துக்கொள்ள, ராம் நிரம்பி, ஸ்வாப் என்கிற பெயரில் டிஸ்க்கை மெமரியாகப் பாவித்து இழுத்துக்கொண்டிருந்தது. ஹார்ட் டிஸ்க்கின் கரகர சத்தம் மதுரையில் எனக்குக் கேட்கிற மாதிரி இருந்தது.

சர்வீஸை ரீஸ்டார்ட் செய்தேன். உடனே சரியானது. பையன் போனில் "சூப்பர்ணே" என்றான். பத்து நிமிடத்தில் மறுபடி கூப்பிட்டான். திருமங்கலம், விருதுநகர் வழியாக பஸ் பிடித்தேன்.

போய்ச் சேரும்போது மணி ஒன்று. அண்ணாச்சி, அதாவது முதலாளி, வாசலிலேயே நின்றார். "தம்பி, நாலு பார்ட்டி காலையில இருந்து போன்ல கத்திக்கிட்டு இருக்கான். என்னன்னு பாருங்க" என்றார். குரலில் கோபம் இல்லை. எனக்கு அதுதான் பயம்.

நெட்ஸ்டாட்டைப் போட்டு, யார் யார் வந்திருக்கிறார்கள் என்று ஐபி வாரியாக எண்ணினேன். ஏதோ ஒரே முகவரி நூறு இணைப்பு வைத்திருக்கும், அதை ஃபயர்வாலில் அடைத்துவிட்டு சாப்பிடப் போகலாம் என்று நினைப்பு. பார்த்தால் ஒருத்தன் ஒன்று, இன்னொருத்தன் இரண்டு. உலகம் முழுக்கப் பரவிய முகவரிகள். யாருடைய வீட்டு ரவுட்டரோ, யாருடைய கடை கேமராவோ, எவரோ கைப்பற்றி ஏவிவிட்ட எந்திரங்கள். லாகில் பார்த்தால் எல்லாம் ஒரே பாட்டு: அட்மினிஸ்ட்ரேட்டர் என்று பயனர் இல்லை, அட்மின் என்று பயனர் இல்லை, டெஸ்ட் என்று பயனர் இல்லை. நடுவில் அச்சகத்தின் டொமைன் பெயரையே பயனர் பெயராகப் போட்டு முயற்சி. டொமைன் பெயரை வெட்டி, ஒட்டி, பயனர் பெயர் தயாரிப்பது இந்த பாட்களின் பழைய பழக்கம். அச்சகத்துக்குத் தன் பெயரிலேயே ஒரு கணக்கு உண்டு என்பதையும் சொல்லிவிடுகிறேன். அதன் பாஸ்வேர்டை இங்கே சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது.

சரி, தாக்குதல்தான் என்று ஊர்ஜிதமானது. அடுத்த ஒரு மணி நேரம் நான் செய்ததை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. ஐபிடேபிள்ஸ் ஃபயர்வாலில் ஒவ்வொரு முகவரியாக அடைத்தேன். பத்து அடைத்தால் பன்னிரண்டு புதிதாக வரும். சாயங்காலம் வயல்வரப்பில் உட்கார்ந்து கையால் கொசு அடிப்பது மாதிரி. இதைத் தானாகச் செய்வதற்கென்றே ஃபெயில்2பேன் என்று ஒரு நல்ல மென்பொருள் இருக்கிறது. அதை நிறுவலாம் என்று போனால், சர்வரில் இருந்தது சென்ட்ஓஎஸ் 6. அதற்கான ஆதரவு 2020 நவம்பர் 30-ஆம் தேதியோடு முடிந்து, மென்பொருள் களஞ்சியமெல்லாம் பழைய இடத்திலிருந்து கிடங்குக்குப் போய்விட்டது. மென்பொருள் நிறுவும் 'யம்' கட்டளை, கேட்ட முகவரியில் ஒன்றுமே இல்லை என்று கையை விரித்தது. ஆளில்லாத வீட்டுக் கதவைத் தட்டுகிற வேலையை அன்று நானும் செய்தேன்.

மூன்று மணிக்கு மேல், எரிச்சலில், ஒரு பிராசஸைப் பிடித்து எஸ்ட்ரேஸ் போட்டேன். எஸ்ட்ரேஸ் என்பது ஒரு புரோகிராம் அந்த நொடியில் ஆப்பரேட்டிங் சிஸ்டத்திடம் என்னென்ன கேட்கிறது என்று வரி வரியாகக் காட்டும் கருவி. இதைக் காலையிலேயே செய்திருக்க வேண்டும். போட்டால், அந்த பிராசஸ் பாஸ்வேர்ட் சரிபார்க்கவில்லை, ஃபைல் எழுதவில்லை. போர்ட் 53-க்கு ஒரு கேள்வி அனுப்பிவிட்டு சும்மா உட்கார்ந்திருந்தது. ஐந்து விநாடி. பதில் இல்லை. வேறொரு முகவரிக்கு அதே கேள்வி. ஐந்து விநாடி. மறுபடி முதல் முகவரி.

போர்ட் 53 என்றால் டிஎன்எஸ். ப்ராஎஃப்டிபிடி தன்னிடம் வந்த ஒவ்வொரு ஐபிக்கும் "இந்த எண்ணுக்குச் சொந்தமான பெயர் என்ன?" என்று விசாரித்துக்கொண்டிருந்தது. கான்ஃபிக் ஃபைலில் 'யூஸ் ரிவர்ஸ் டிஎன்எஸ்' என்று ஒரு வரி. ஆன். லாகில் வெறும் எண்ணுக்குப் பதில் பெயர் வரும் என்பதைத் தவிர அதனால் அச்சகத்துக்கு நயாபைசா பிரயோஜனம் இல்லை. விசாரிக்கிற இடமோ, இரண்டு வருடத்துக்கு முன் அச்சகம் விட்டுவந்த பழைய இன்டர்நெட் நிறுவனத்தின் டிஎன்எஸ் சர்வர்கள். இணைப்பு மாறியபோது யாரும் அந்த ஃபைலை மாற்றவில்லை. பழைய நிறுவனமும் வெளியாட்களின் கேள்விக்குப் பெருந்தன்மையாகப் பதில் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது. அதற்கு முந்தைய வாரக் கடைசியில் அதை நிறுத்தியிருக்கிறார்கள் போல.

ஒரு வாட்ச்மேனை நினைத்துக்கொள்ளுங்கள். கேட்டில் யார் வந்தாலும், உள்ளே விடுவதா வேண்டாமா என்று பார்க்கும் முன், ஆளை உட்கார வைத்து ஒரு நம்பருக்குப் போன் போட்டு விசாரிக்கிறார். நேற்றுவரை அந்த நம்பரில் ஒரு நொடியில் பதில் வந்தது. இன்று அந்த நம்பர் உபயோகத்தில் இல்லை. மனிதர் நான்கு தடவை டயல் செய்துவிட்டுத்தான் அடுத்த வேலை பார்ப்பார். வந்தவன் திருடனாகவே இருந்தாலும் இருபது விநாடி நாற்காலி அவனுக்கு.

கணக்கு மிகச் சுலபம். இரைச்சல் அதிகமான நேரத்தில் விநாடிக்குப் பத்து பேர் தட்டினார்கள். ஒவ்வொருத்தனும் இரண்டு விநாடியில் வாங்கிக் கட்டிக்கொண்டு போனால், எந்த நேரத்திலும் உள்ளே இருப்பவர்கள் இருபது பேர். அதே ஆளை இருபத்திரண்டு விநாடி உட்கார வைத்தால் இருநூற்று இருபது பேர். தட்டுபவர்கள் எண்ணிக்கை கூடவே இல்லை, உட்கார்ந்திருக்கும் நேரம்தான் கூடியது. இத்தனை பேர் மேல் வேண்டாம் என்று ஒரு வரம்பு போட்டிருந்தாலாவது மெமரி பிழைத்திருக்கும். கான்ஃபிக் ஃபைலில் 'மேக்ஸ் இன்ஸ்டன்சஸ் 30' என்ற வரி இருக்கத்தான் செய்தது, முன்னால் ஒரு # குறியோடு. என்றோ ஒரு வாடிக்கையாளருக்கு இணைப்பு கிடைக்காமல் போயிருக்கும், அண்ணாச்சி சத்தம் போட்டிருப்பார், எனக்கு முன்னால் இருந்தவர் அந்த வரியின் வாயை அடைத்திருப்பார்.

எஸ்எஸ்எச் ஏன் மெதுவாக இருந்தது என்பதும் இதில் அடக்கம். பழைய ஓப்பன்எஸ்எஸ்எச்சும் அதே மாதிரி பெயர் விசாரிக்கும் ரகம். நான் அதை லோடு என்று நினைத்துக்கொண்டேன். 'கனெக்ட் ஆகவே அரை நிமிசம்' என்று பையன் காலையிலேயே சொன்னதும் இதைத்தான். லைன் தகராறு என்றால் எல்லாமே மெதுவாகும். முதல் படியில் மட்டும் ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ அதே அளவு நேரம் தொங்கினால், யாரோ யாருக்கோ காத்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

'ஆன்' என்பதை ஆஃப் ஆக்கினேன். டிஎன்எஸ் முகவரியை மாற்றினேன். # குறியை எடுத்தேன். ரீஸ்டார்ட். ஐந்து நிமிடத்தில் பிராசஸ் எண்ணிக்கை பதினெட்டு, லோடு ஒன்றுக்கும் கீழே. தாக்குதல் துளிகூடக் குறையவில்லை. அதே வேகத்தில் தட்டிக்கொண்டே இருந்தார்கள். நான் ஒரு மணி நேரம் உட்கார்ந்து அடைத்த முகவரிப் பட்டியல் மொத்தமும் வீண்.

உறுதி செய்துகொள்ள பழைய லாகைத் தேதிவாரியாக எண்ணிப் பார்த்தேன். போன வாரமும் இதே கூட்டம். போன மாதமும். போன வருடம் இதே ஆகஸ்டில் சில நாட்கள் இதைவிட அதிகம். அதாவது என்னுடைய ஒன்றரை வருட ஒப்பந்தக் காலம் முழுக்க இந்தக் கதவு ராப்பகலாகத் தட்டப்பட்டிருக்கிறது. எனக்குத் தெரியாது. சர்வர் வேலை செய்தது, நான் பார்க்கவில்லை. முன்னால் இருந்தவரைக் குறை சொல்வது சுலபம் என்பதால் இதையும் எழுதிவைக்கிறேன்.

இங்கேயே கிளம்பியிருந்தால் ஐந்தரை மணி பஸ். அண்ணாச்சி சந்தோஷமாக டீயும் முறுக்கும் சொல்லி அனுப்பினார். ஆனால் அந்த லாக் ஃபைல் கண்ணை உறுத்தியது. நாற்பது ஜிபிக்கு மேல் வளர்ந்து கிடந்தது. எந்தப் பார்ட்டி எப்போது ஃபைல் அனுப்பினான் என்று பில் தகராறில் காட்டுவதற்காக, எல்லாக் கட்டளையையும் பதிவு செய்யும் விரிவான லாகை என் முன்னோர் இயக்கி வைத்திருந்தார். அது ஒரு புண்ணியம். பாஸ்வேர்ட் தோல்விகளை எல்லாம் வடிகட்டிவிட்டு மிச்சம் என்ன என்று பார்க்க ஒரு கிரெப் போட்டேன். நாற்பது ஜிபியைக் கிரெப் அளந்து முடிக்கும்வரை முறுக்கு தாராளமாகப் போதும்.

மிச்சம் வந்த வரிகளில் கொஞ்சம், லாகின் ஆகாமலேயே கொடுக்கப்பட்ட கட்டளைகள். சைட் சிபிஎஃப்ஆர். சைட் சிபிடிஓ. மொத்தம் நூறு வரிகூட இராது. லட்சக்கணக்கான சத்தத்துக்கு நடுவில் ஒருத்தன் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நடந்து போயிருக்கிறான்.

கொஞ்சம் விளக்க வேண்டும். ப்ராஎஃப்டிபிடியில் மாட்காப்பி என்று ஒரு மாட்யூல். சர்வருக்குள்ளேயே ஒரு ஃபைலை இன்னொரு இடத்துக்கு நகலெடுக்க, கீழே இறக்கி மேலே ஏற்றத் தேவையில்லாமல், இரண்டு கட்டளை போதும். முதலாவது எங்கிருந்து, இரண்டாவது எங்கே. நல்ல வசதி. 1.3.5 பதிப்பில் இதில் ஒரு ஓட்டை: கட்டளை கொடுப்பவர் லாகின் ஆகியிருக்கிறாரா என்று பார்க்கவே இல்லை. பெயர், பாஸ்வேர்ட் ஒன்றும் வேண்டாம். தெருவில் போகிறவனும் நகலெடுக்கலாம். 2015-இல் அம்பலமாகி, சிவிஇ-2015-3306 என்ற எண்ணும் பெற்று, 1.3.5ஏ பதிப்பில் சரிசெய்யப்பட்ட ஓட்டை. அண்ணாச்சியின் சர்வரில் இருந்தது அச்சு அசல் 1.3.5.

வெறுமனே நகலெடுத்து என்ன செய்வான் என்று கேட்பீர்கள். இந்தத் தந்திரத்தைக் கண்டுபிடித்தவனைத் திட்டிக்கொண்டே ரசிக்கவும் வேண்டியிருக்கிறது. ப்ராஎஃப்டிபிடி தன் பிராசஸ் பெயரிலேயே, இந்த நொடியில் என்ன கட்டளையை நிறைவேற்றுகிறேன் என்று பெயர்ப்பலகை மாதிரி எழுதிக்கொள்ளும். லினக்ஸில் ஒரு பிராசஸின் பெயர்ப்பலகையை ஃபைல் போலவே படிக்க முடியும். வந்தவன் முதலில் "உன் பெயர்ப்பலகையை நகலெடு" என்கிறான். பிறகு "இந்தப் பெயருள்ள ஃபைலாக வை" என்கிறான். அவன் கொடுக்கும் பெயரே ஒரு சின்ன பிஎச்பி நிரல். அந்தக் கட்டளை பெயர்ப்பலகையில் எழுதப்படுகிறது, பெயர்ப்பலகை ஃபைலாகிறது, ஆக அவனுடைய நிரல் நம் டிஸ்க்கில் ஃபைலாக உட்கார்ந்துவிட்டது. அவன் எதையும் அப்லோடு செய்யவே இல்லை. அடுத்து அந்த ஃபைலை வெப்சைட் இருக்கும் டைரக்டரிக்கு நகலெடுத்து, பிரவுசரில் திறந்தால் சர்வருக்குள் இருந்து அவன் சொன்னபடி எல்லாம் நடக்கும்.

முதலில் தற்காலிக டைரக்டரியில் வைப்பான், பிறகு வெப் டைரக்டரிக்கு. லாகில் முதல் நகலுக்குப் பதில் எண் 250. வெற்றி. இரண்டாவது நகலுக்கு 550. அப்படி ஓர் இடமே இல்லை. 2020-இல் அச்சகத்தின் வெப்சைட்டை வெளியே ஒரு ஹோஸ்டிங்குக்கு மாற்றியபோது, முன்னவர் அந்த டைரக்டரியை அழித்திருந்தார். அதுவும் பாதுகாப்புக்காக இல்லை, டிஸ்க்கில் இடம் வேண்டும் என்று. தற்காலிக டைரக்டரியைத் திறந்து பார்த்தேன். புள்ளியில் தொடங்கும் பெயரோடு, பிஎச்பி நிரலையே பெயராகச் சுமந்துகொண்டு, ஐந்து ஃபைல்கள் கிடந்தன. அடுத்து நான் செய்த முதல் வேலை, நெட்வொர்க் வயரைப் பிடுங்கியது.

இது நடக்கக் காரணமாக இருந்த விஷயம் இன்னும் சாதாரணம். ப்ராஎஃப்டிபிடியை முன்னவர் 'யம்' வழியாக நிறுவவில்லை. மூல நிரலை இறக்கிக் கையால் கம்பைல் செய்து வைத்திருந்தார். மாட்காப்பி வேண்டும் என்பதற்காகவே இருக்கலாம். அப்படிச் செய்தால் ஆப்பரேட்டிங் சிஸ்டத்தை ஆயிரம் முறை அப்டேட் செய்தாலும் அந்த ஒரு மென்பொருள் மட்டும் பிறந்த தேதியிலேயே நிற்கும். அப்டேட் செய்தோம் என்ற திருப்தி மட்டும் நமக்கு வரும். போதாக்குறைக்கு, கதவைத் தட்டிய ஒவ்வொருவருக்கும் முதல் வணக்கத்திலேயே "நான் ப்ராஎஃப்டிபிடி 1.3.5" என்று பதிப்பு எண்ணோடு அறிமுகம். ஷோடான் போன்ற தேடுபொறிகள் இந்த வணக்கங்களைத்தான் உலகம் முழுக்க வாரிச் சேர்த்து வைக்கின்றன. யாரும் நம்மைத் தேடி அலைய வேண்டியதில்லை.

வயரைப் பிடுங்கியபின் ஃபைல்களை அலசும்போது இன்னொன்று. யார் வேண்டுமானாலும் ஃபைல் போடலாம் என்று 'இன்கமிங்' ஃபோல்டர் ஒன்று இருந்தது, பாஸ்வேர்ட் மறந்துபோகும் பார்ட்டிகளுக்காக. அதன் ஒவ்வொரு துணை ஃபோல்டரிலும் ஃபோட்டோ என்ற பெயரில் ஒரு எஸ்சிஆர் ஃபைல். ஸ்க்ரீன் சேவர் வகை. விண்டோஸில் பார்த்தால் ஃபோல்டர் ஐகான் மாதிரியே இருக்கும். டபுள் கிளிக் செய்தால் உங்கள் கம்ப்யூட்டர் யாருக்கோ மொனேரோ என்ற கிரிப்டோ நாணயம் தோண்ட ஆரம்பிக்கும். 2016-லிருந்து எஃப்டிபி சர்வர்களில் சுற்றுகிற சரக்கு இது.

"இதைத் திறந்தியாடா?" என்று பையனிடம் கேட்டேன்.

"அது ஃபோல்டர்னு நெனச்சு ஒருவாட்டி கிளிக் பண்ணேண்ணே. ஒண்ணும் வரல. அதுக்கப்புறம் சிஸ்டம் கொஞ்சம் ஸ்லோ."

அந்த சிஸ்டத்தை அன்று இரவே ஃபார்மட் செய்தோம்.

எஃப்டிபி மேல் எனக்குத் தனிப்பட்ட கோபம் கிடையாது. அதன் முதல் வரைவை, ஆர்எஃப்சி 114, எழுதியவர் அபய் பூஷண். கான்பூர் ஐஐடியின் முதல் பேட்ச் மாணவர். எம்ஐடியில் இருந்தபோது 1971 ஏப்ரலில் எழுதினார். இன்றுவரை நாம் புழங்கும் வடிவம் 1985 அக்டோபரில் ஜான் போஸ்டலும் ஜாய்ஸ் ரெனால்ட்ஸும் எழுதிய ஆர்எஃப்சி 959. அன்றைய நெட்வொர்க் ஒரு தெரு மாதிரி, எதிர் வீட்டுக்காரர் யார் என்று தெரியும். பாஸ்வேர்டை மறைக்காமல் அப்படியே கம்பியில் அனுப்பினால் என்ன ஆகிவிடப் போகிறது? தெரு ஊராகி, ஊர் உலகமான பிறகும் அதே பழக்கத்தோடு அதை ஓட்டிக்கொண்டிருப்பவர்கள் நாம்தான். டெபியன் லினக்ஸ் தன் பொது எஃப்டிபி சேவையை 2017 நவம்பரில் மூடியது. 2021-இல் குரோமும் ஃபயர்ஃபாக்ஸும் எஃப்டிபி லிங்க்கைத் திறப்பதையே விட்டுவிட்டன. அண்ணாச்சியின் ஆர்டர் ஃபாரத்தில் அன்றும் அந்த லிங்க் அச்சாகிக்கொண்டிருந்தது. சொந்த அச்சகம், காகிதத்துக்கா பஞ்சம்.

அன்று இரவு மதுரை நண்பர் ஒருவரிடம் போனில் புலம்பியபோது, "விஎஸ்எஃப்டிபிடி போட்டுட்டுப் போய்யா. பேர்லயே ரொம்ப பத்திரம்னு இருக்கே" என்றார். உண்மைதான். அந்த எஃப்டிபி மென்பொருளின் பெயரில் முதல் இரண்டு எழுத்து அதைத்தான் குறிக்கிறது. 2011 ஜூலை வாக்கில் அதன் 2.3.4 பதிப்பின் டவுன்லோடு ஃபைலையே யாரோ மாற்றி வைத்துவிட்டார்கள். பயனர் பெயரில் ஒரு சிரிப்புக் குறி, வெறும் கோலனும் பிறையும், போட்டால் போர்ட் 6200-இல் கதவு திறக்கும். அதற்கு ஏழு மாதம் முன்னால், 2010 நவம்பர் 28-இல், ப்ராஎஃப்டிபிடி தயாரிப்பாளர்களின் சொந்த விநியோக சர்வருக்குள்ளேயே புகுந்து, 1.3.3சி பதிப்பில் பின்கதவு வைத்தார்கள். மூன்று நாள் கழித்துத்தான் கண்டுபிடித்தார்கள். இரண்டும் உடனடியாகச் சரிசெய்யப்பட்டவை. இன்றைய விஎஸ்எஃப்டிபிடி மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை. பெயரைப் பார்த்து மயங்காதே என்றுதான் நண்பரிடம் சொன்னேன்.

இலவச மென்பொருள் என்பதால்தான் இப்படி என்று அண்ணாச்சி நினைத்தார். காசு கொடுத்து வாங்கினால் சரியாகிவிடும் என்று அவருக்கு ஒரு கணிப்பு. அக்செலியன் எஃப்டிஏ என்று ஒரு ஃபைல் பரிமாற்றப் பொருள், ஏறத்தாழ இருபது வயதானது, பெரிய பெரிய நிறுவனங்கள் காசு கொடுத்துப் பயன்படுத்தியது. 2020 டிசம்பரில் அதன் ஓட்டைகள் வழியாகப் புகுந்து அள்ளிக்கொண்டு போனார்கள். நியூசிலாந்தின் ரிசர்வ் வங்கிகூடத் தப்பவில்லை. அந்தக் கதையை அண்ணாச்சியிடம் சொன்னேன். "ரிசர்வ் பேங்கேவா?" என்றார். அதற்குப் பிறகு பட்ஜெட் பேசுவது சுலபமாகிவிட்டது.

"சரி, ஒண்ணும் போகலையே தம்பி. அந்த அஞ்சு ஃபைலை அழிச்சிட்டா போதாதா? இத்தன வருசமா ஓடுன மெஷின்."

நியாயமான கேள்வி. சர்வர் வேலை பார்க்கிறவர்களில் பாதிப் பேர் அழித்துவிட்டுப் போய்விடுவார்கள். நான் முடியாது என்றேன். எனக்குத் தெரிந்தது அந்த ஐந்து ஃபைல்தான். லாகில் நூறு வரி என்றால், நான் படித்துப் புரிந்துகொண்டவை எண்பது. மிச்சத்தில் ஒருத்தன் வாடிக்கையாளர் ஃபைலை எடுத்து இன்கமிங் ஃபோல்டரில் நகல் வைத்து நிதானமாக இறக்கிக்கொண்டு போயிருக்கலாம். ஒரு தடவை உள்ளே வந்தவன் கை வைத்த லாகை நம்பி, அவன் வரவில்லை என்று சத்தியம் செய்ய என்னால் முடியாது. டிசைன் ஃபைல்களை மட்டும் வெளி டிஸ்க்கில் எடுத்து ஸ்கேன் செய்துவிட்டு, வேறொரு மெஷினில் புதிதாக ஆரம்பித்தோம். எல்லாப் பாஸ்வேர்டும் மாறின. அச்சகத்தின் பெயரிலேயே இருந்த அந்தக் கணக்கு ஒழிந்தது.

புதிய ஏற்பாடு எஸ்எஃப்டிபி. பெயர் ஒத்துப்போனாலும் எஃப்டிபிக்கும் இதற்கும் ஒட்டோ உறவோ இல்லை. எஸ்எஸ்எச்சோடு வருவது, போர்ட் 22 ஒன்று போதும், எல்லாம் மறைகுறியாக்கப்பட்டே போகும். ஓப்பன்எஸ்எஸ்எச் எப்படியும் அநேகமாக எல்லா லினக்ஸிலும் இருக்கிறது, ஆப்பரேட்டிங் சிஸ்டத்தோடு அதுவும் அப்டேட் ஆகும். கையால் கம்பைல் செய்யும் ஆசையே எழாது என்பது எனக்கு முக்கியமான காரணம்.

அதிலும் இரண்டு மணி நேரம் தின்ற ஒரு இடம் உண்டு, யாருக்காவது உதவட்டும். ஒவ்வொரு வாடிக்கையாளரையும் அவரவர் ஃபோல்டருக்குள்ளேயே அடைத்துவைக்க 'ச்ரூட் டைரக்டரி' போடுவோம். அந்த ஃபோல்டர் ரூட்டுக்குச் சொந்தமாக இருக்க வேண்டும். வேறு யாருக்கும் அதில் எழுத உரிமை இருக்கக் கூடாது. நாமோ, வாடிக்கையாளர் ஃபோல்டர்தானே என்று அவருக்கே உரிமை கொடுத்து வைப்போம். இணைப்பு பாஸ்வேர்டை ஏற்றுக்கொண்டு, அடுத்த நொடி காரணம் சொல்லாமல் துண்டித்துவிடும். காரணம் சர்வர் லாகில் மட்டும் இருக்கும். வெளி ஃபோல்டரை ரூட்டுக்குக் கொடுத்து, உள்ளே ஒரு ஃபோல்டரை வாடிக்கையாளருக்குக் கொடுத்தால் தீர்ந்தது.

வாடிக்கையாளர்களை மாற்றுவது இதையெல்லாம்விடப் பெரிய பாடு. அவர்கள் ஃபைல் அனுப்பும் ஃபைல்ஜில்லா மென்பொருளில் புரோட்டோகாலை மாற்றச் சொல்லி ஒரு வாரம் போனிலேயே வாழ்ந்தேன். முதல் தடவை இணைக்கும்போது இந்த சர்வரை நம்பலாமா என்று அது கேட்கும். ஒருவர் அதைப் பார்த்து, "என்ன சார், நம்பலாமாங்குது? உங்களையா?" என்றார். ஹைதராபாத் டிசைனர் ஒருவர் விண்டோஸின் கட்டளை வரி எஃப்டிபியில் ஒரு பேட்ச் ஃபைல் எழுதி வைத்திருந்தார், வருடக்கணக்கில் தொட்டதில்லையாம். அதை மாற்ற மட்டும் பத்து நாள் ஆனது. அதுவரை அவருடைய ஃபைல் பென் டிரைவில் கூரியரில் வந்தது.

செப்டம்பரில் ஒருநாள் பில் வாங்கப் போயிருந்தேன். போர்ட் 21-ஐ அப்போது ஃபயர்வாலிலேயே மூடியாயிற்று. ஆனால் எத்தனை பேர் வந்து முட்டிக்கொண்டு போகிறார்கள் என்று எண்ணும் விதியை மட்டும் வைத்திருந்தேன். அண்ணாச்சி என் தோளுக்கு மேலிருந்து எட்டிப் பார்த்தார்.

"இது என்ன நம்பரு?"

"காலையில இருந்து பழைய கதவைத் தட்டுனவங்க, அண்ணாச்சி."

கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். ஐந்து இலக்கம்.

"இம்புட்டு பேரு வந்து தட்டுறான்" என்றார். "ஒருத்தனாவது காலண்டர் கேக்க மாட்டேங்கானே."